சுலைகாவின் ஃபாண்ட் ஃபோல்டர்

அச்சகத்தில் என்னோடு வேலை பார்த்த சுலைகா இறந்துவிட்டாள் என்று முதலாளி அண்ணாச்சி போன் செய்தபோது, நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மாரடைப்பு என்றார். நான் அழ ஆரம்பிப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "இனிமே அந்தப் பழைய கம்ப்யூட்டரை யாரும் ஓட்டப்போறதில்ல, செல்வி. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசு போட்டுருவோம்." அடப்பாவி மனுஷா, இன்னும் மய்யித்தைக் குளிப்பாட்டக்கூட இல்லையே என்று மனசுக்குள் திட்டினேன்.

பதினாறு வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். அவளை அறிந்த ஊர்க்காரர்கள் உங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரையும் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அதில் செய்ததுதான். பழையதைத் திருப்பி அடிக்க வேண்டுமென்றால் அதில்தான் திறக்கும். எவ்வளவு பெரிதாக இழுத்தாலும் ஓரம் உடையாத ஃபாண்டுகளாகத் தேடித்தேடி ஒரே ஃபோல்டரில் சேர்த்திருந்தாள். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் நோட்டீஸ் அடிக்க வந்தால்கூட, "ஒங்க பென்டிரைவுல என்ன ஃபாண்டு வச்சிருக்கீய?" என்று கேட்டு வாங்கிவிடுவாள்.

எங்கள் பழைய புரோகிராமுக்கு ஒரு குணம் உண்டு. ஃபோல்டரில் ஃபாண்ட் கிடந்தால் மட்டும் போதாது. கூடவே ஒரு லிஸ்ட் வேண்டும். முதல் வரியில் மொத்தம் எத்தனை, அதற்குக் கீழே ஒவ்வொன்றின் பெயர். ஒருமுறை புது ஃபாண்ட் ஒன்றை நானே கடைசி வரியில் கையால் எழுதிச் சேர்த்தேன். மேலே எண்ணிக்கையை மாற்ற மறந்துவிட்டேன். அரை நாள் மல்லுக்கட்டியும் ஃபாண்ட் தலைகாட்டவில்லை. சுலைகா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏட்டி, நீ கையால எழுதிக்கிட்டு இருக்கவா கமாண்டு குடுத்திருக்கான்?" கறுப்பு ஸ்கிரீனைத் திறந்து, அந்த ஃபோல்டருக்குள் போய், எம்.கே.ஃபாண்ட்ஸ்கேல் என்று அடித்தாள். அது ஒவ்வொரு ஃபாண்டையும் திறந்து பெயரைப் படித்து, சரியான எண்ணிக்கையோடு புது லிஸ்ட்டைத் தானே எழுதிவிட்டது.

ஒருநாள் பெரியவர் ஒருவர் பேத்தி கல்யாணப் பத்திரிகையில் மேலே ஒரு வரி தெலுங்கில் வேண்டும் என்றார். அண்ணாச்சி புரோகிராமில் தேடிப் பார்த்துவிட்டு, "நம்மகிட்ட தெலுங்கு இல்லீங்க, மதுரைக்குப் போங்க" என்று கைவிரித்தார். சுலைகாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏன் அண்ணாச்சி வந்தவியளைத் தொரத்துறீய? லிஸ்ட்டுல இல்லன்னா ஒலகத்துலயே இல்லன்னு ஆயிருமா?" உண்மையில், முந்தின வாரம் தெலுங்கு ஃபாண்டைச் சேர்த்துவிட்டுக் கமாண்டை ஓட்ட மறந்தவள் அவள்தான். அதையும் ஒத்துக்கொண்டாள், குரலை மட்டும் தாழ்த்தவில்லை. பெரியவர் டீ குடித்து முடிப்பதற்குள் தெலுங்கு வரி ஸ்கிரீனில் நின்றது.

அச்சகம் புது இடத்துக்கு மாறியபோது, திறப்புவிழா பேனருக்குப் பணியாளர் பெயர்களை அண்ணாச்சி எழுதித் தந்தார். சுலைகா பெயர் இல்லை. பேனரை வடிவமைத்ததே அவள்தான்! தன் பெயரையும் சேர்த்து, அதை மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்தில் போட்டுவிட்டாள். "கேட்டா நாந்தான் போட்டேன்னு சொல்லு" என்றாள். யாரும் கேட்கவில்லை.

அவளை அடக்கம் செய்த மூன்றாம் நாள், கம்ப்யூட்டரை அழிக்க அண்ணாச்சி ஓர் ஆளைக் கூட்டிவந்தார். நான் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரிம்மா செல்வி."

"மாட்டேன் அண்ணாச்சி. அம்புட்டும் அவ ஒத்த ஆளாச் சேர்த்தது. அழிக்கணும்னா மொதல்ல என்னைய வேலைய விட்டு அனுப்புங்க."

வந்த ஆள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அண்ணாச்சி அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. "அவ போயும் அவ வாய் போகலையே" என்று முணுமுணுத்தார்.

போகாது அண்ணாச்சி. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.