பாதி டப்பா பிரேக் ஆயில்

அந்த வீட்டில் காலைப் பாத்திரங்களைக் கழுவுவது பிரேக்காரர்தான். கல்யாணமான புதிதில் மனைவி தலையில் கட்டிய வேலை. பட்டறைக் கறுப்பு நகக்கண்ணை விட்டுப் போக வேறு வழியில்லை என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். "பாத்திரம் வெளுக்குதோ இல்லையோ, உங்க கை வெளுக்கும்" என்பாள். முப்பது வருஷமாகக் கழுவுகிறார்.

அவர் தன் கார்ப் பட்டறையில் பிரேக் வேலை மட்டும்தான் செய்வார். எஞ்சினைத் திறந்து காட்டினால், "அதுக்கு வேற ஆள் இருக்கு" என்று நகர்ந்துவிடுவார். வேலை முடிந்ததும் வண்டியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு பெடலை மிதித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் தலையாட்டுவார். பேச்சு குறைவு. "மனுஷனுக்கு வாயில ரெண்டு பிரேக்" என்று பக்கத்து டயர்கடைக்காரர் கேலி செய்வார்.

ஒரே மகள். மாப்பிள்ளை மலைமேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாரக் கடைசியில் இருவரும் காரில் இறங்கி வருவார்கள். ஒருமுறை மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கடைசி வளைவுகள்ல கருகின வாசனை வருது மாமா. எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்க மாட்டேங்குது."

"சூடுதான். சாவியை வச்சுட்டுப் போங்க."

அந்தக் காருக்காக அவர் இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. முன்சக்கரத்தில் பெரிய பிரேக் தட்டு போட்டார். சூடு வெளியேற நடுவில் காற்று புகுந்து போகும் வகை. தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடு சூடு தாங்குவதாக, ஆயில் போகும் ஓஸ் புதிதாக என்று எல்லாம் மாற்றினார். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்யலையேப்பா."

"அன்னிக்கு உங்கம்மா மட்டும்தான் சூடானா. இங்க நாலு சக்கரம்."

கடைசியில் பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். வெளியார் வண்டி என்றால் சொந்தக்காரர் கண்ணெதிரே புது டப்பா உடைப்பார். மீந்ததை இன்னொரு வண்டிக்கு ஊற்றவே மாட்டார். திறந்த டப்பா காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மலை இறக்கத்துச் சூட்டில் அந்த ஈரம் கொதித்து ஆவியானால் பெடல் பிடிக்காது. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று பட்டறையில் புது டப்பா இல்லை. மழைக்காலத்தில் திறந்த பாதி டப்பா ஒன்று பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. மகள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். வெளியாள் என்றால் கடைக்கு ஓடியிருப்பார். நம்ம வீட்டு வண்டிதானே, அடுத்த தடவை வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று அதையே ஊற்றினார். கண்ணை மூடி மிதித்துப் பார்த்தார். பெடல் கெட்டியாக இருந்தது. தலையாட்டினார்.

அடுத்த தடவை அவர்கள் வந்து சேரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை கைக்கட்டோடு சொன்னார். "பெடல் மெத்துன்னு தரைக்குப் போயிடுச்சு மாமா. திரும்பத் திரும்ப மிதிச்சேன். பள்ளத்துல விழுந்துடக் கூடாதேன்னு பாறைப் பக்கம் திருப்பினேன்."

மகள் உட்கார்ந்திருந்தது பாறைப் பக்கம்.

பேடு சூடேறிப் பிடிக்காமல் போனால் பெடல் கல் மாதிரிதான் இருக்கும். மெத்தென்று இறங்கியது என்றால் ஆயில் கொதித்திருக்கிறது. அந்த அறையில் அது தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மாப்பிள்ளையின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மகள் இறந்தபின் நான்கு மாதம் மனைவி மாப்பிள்ளையைத்தான் பேசினாள். "ஓட்டத் தெரியாதவன் கையில பொண்ணைக் குடுத்தோம்." மாப்பிள்ளை வந்தால் முகம் கொடுக்கமாட்டாள், அவர் காதுபடவே சொல்வாள். மாப்பிள்ளை தலை குனிந்து கேட்டுக்கொள்வார். பிரேக்காரர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். இன்று சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மகளின் துணிகளை ஒரு பெட்டியில் கொண்டுவந்தார். தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டு வாங்கியிருந்தார்.

"இனிமே அடிக்கடி வர முடியாது மாமா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகணும். நான் கியரைக் குறைச்சு இறங்கியிருக்கணும். நீங்க போட்ட பிரேக் இருக்குங்கிற தைரியத்துல அலட்சியமா இருந்துட்டேன். அத்தை சொல்றதுல தப்பே இல்ல."

சமையலறை வாசலில் மனைவி ஈரக்கையோடு நின்றிருந்தாள்.

"நீங்க எப்படி இறங்கியிருந்தாலும் அது நின்னிருக்கணும் மாப்பிள்ளை" என்றார் பிரேக்காரர். "ஆயில் பழசு. திறந்து வச்ச டப்பா. தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

மாப்பிள்ளைக்கு உடனே பிடிபடவில்லை. வாத்தியார் அல்லவா, ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த டப்பா, எப்போது திறந்தது, கொதித்தால் என்ன ஆகும். பிரேக்காரர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியில. பெடல் மெத்துன்னு போச்சுன்னு நீங்க சொன்னப்பவே."

"நான் இவரைப் பேசினப்பல்லாம் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?" என்றாள் மனைவி.

"ஆமா."

மகளை எரித்த அன்று அழுத மாதிரி அவள் அழவில்லை. நாற்காலி மேலிருந்த செய்தித்தாள்களை எடுத்துக் கீழே வைத்தாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்து மாப்பிள்ளை பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க மாப்பிள்ளை. சமையல் ஆயிடுச்சு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

மாப்பிள்ளை நாற்காலியைப் பார்த்தார். கட்டுப் பிரித்த கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"இருங்க மாப்பிள்ளை" என்றாள் மறுபடியும்.

அவர் தரையில் வைத்திருந்த பெட்டியைச் சுற்றி வாசல் பக்கம் நடந்து வெளியே போனார்.