எரிபலி என்றொரு சொல்

கோயிலில் மாமா பைபிள் வாசகம் வாசித்தால் ஒலிபெருக்கி தேவைப்படாது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். என் அம்மாவின் தம்பி. பழைய ஏற்பாட்டில் 'எரிபலி' என்ற சொல் வரும்போது மட்டும் அந்தக் குரல் தணியும். போர்க்காலத்தில் அவர் கருவில் இருந்தபோது, தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய அப்பாவை, என் தாத்தாவை, ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். காலராவில் செத்தவர்களைக் குவித்து எரித்ததாகவும், அந்தக் குவியலில் அவரும் கிடந்ததாகவும் உயிரோடு திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். தோட்டத்துக்குப் பூசை வைக்க வந்த பாதிரிச் சாமியார், உன் கணவன் ஆண்டவருக்கு எரிபலியானான் என்று பாட்டிக்கு ஆறுதல் சொன்னாராம். பாட்டி சாகும்வரை அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டே வாழ்ந்தார். மாமாவும் ஒவ்வோர் ஆண்டும் கல்லறைத் திருநாளில் 'சயாமில் எரிபலியானவர்கள்' என்றுதான் பேசுவார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

தொலைதூர நாடொன்றில் நடக்கும் கொலைகளை எந்தப் பெயரால் அழைப்பது என்று ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு விவாதம் ஓடியது. அதைப் படித்துவிட்டு மாமா அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தார். செபராங் ஜெயாவில் என் அலுவலகம் முடிந்து சுங்கை பினாங்கில் அவர் வீட்டுக்குப் போனபோது, மேசை நிறையப் புத்தகங்கள். யூதர்களைக் கொன்றொழித்ததற்கு உலகம் வைத்த 'ஹோலோகாஸ்ட்' என்ற பெயர், கிரேக்கத்தில் நம் எரிபலியேதான் என்றார். பலிப்பொருளில் கொடுத்தவனுக்கென்று எதுவும் மிஞ்சாமல் முழுதும் எரிப்பது. பிறகு பெருந்தீக்கெல்லாம் அந்தச் சொல் வழங்கியதாம். கடைசியில் மனிதர்களைக் கொன்று குவித்ததற்கும் வந்து ஒட்டிக்கொண்டதாம். ஆனால் யூதர்களில் பலர் அதை ஏற்பதில்லை, தங்கள் மொழியில் 'பேரழிவு' என்றே சொல்கிறார்கள் என்றும் சொன்னார்.

"பலின்னா கொடுத்தவன் ஒருத்தன் இருக்கணும், வாங்கிக்கிட்டவன் ஒருத்தன் இருக்கணும். எங்கப்பாவ யாரும்மா கொடுத்தா? கடவுளா கேட்டாரு?" என்றார். அகராதியை மூடி வைத்துவிட்டு, "அம்மா அத நம்பித்தான் செத்தாங்க" என்றார். அவரை அவ்வளவு கசப்போடு நான் பார்த்ததில்லை.

அதற்குள் கோயிலை நிர்வகிக்கும் பங்கு மன்றம் அதன் வளாகத்தில் ஒரு நினைவுக்கல் வைக்க முடிவு செய்திருந்தது. மாமாவைக் கௌரவிப்பதாக நினைத்து, 'சயாமில் எரிபலியானோர் நினைவாக' என்று அவருடைய சொல்லையே செதுக்கக் கொடுத்துவிட்டார்கள். மாமா எங்கள் பங்கு ஃபாதரைப் பார்த்து, 'கொல்லப்பட்டோர்' என்று மாற்றுங்கள் என்று கேட்டார். ஃபாதர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். "கல்லு வெட்டியாச்சு சார். கொலைன்னு போட்டா ஜெபிக்க வர்றவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்லா" என்றார். கஷ்டமாக இருக்கட்டும் என்றுதானே கல் வைக்கிறோம் என்று மாமா கேட்டும் கல்லில் எழுத்து மாறவில்லை.

திறப்பு நாளில் கல்வெட்டை வாசிக்க மாமாவையே அழைத்தார்கள். அவர் கல்லின் முன் நேராக நின்று, "சயாமில் கொல்லப்பட்டோர் நினைவாக" என்று கணீரென்று வாசித்தார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. என் பின்னால் நின்ற ஓர் அக்கா பக்கத்திலிருந்தவரிடம், "பாவம்லா, சாருக்கு வயசாயிருச்சு, எழுத்து தெரியல" என்றார்.

மாமா காதில் அது விழுந்தது. ஃபாதர் அவர் கையைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்காரவைத்தார். நல்ல கண் டாக்டராகப் பார்த்துக் காட்டும்படி என்னிடம் சொன்னார். மாமா அவருக்கு நன்றி சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு வாசகத்துக்கு வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள்.