முந்திரி மரத்தில் கட்டிய சிவப்புத் துணி

என் மரங்களில் கட்டியிருந்த துணிகள் காணாமல் போன அன்று நான் செபிக்கவில்லை. முதலில் அழுதேன். பிறகு யார் எடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். செபம் அதற்கப்புறம்தான் வந்தது. அந்தச் செபமும் நல்ல செபம் இல்லை. ஆனாலும் ஆண்டவர் அதைத் தள்ளிவிடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். இந்த வருடம் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. வரதராஜன்பேட்டைப் பக்கம் ஊர். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. சேர்ந்தேன். முந்திரிப் பூவைக் கருக வைக்கிற தேயிலைக் கொசு என்ற பூச்சிதான் என் ஆராய்ச்சி. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோப்பைத் தேர்ந்தெடுத்தேன். தோப்புக்காரர் ஜெயங்கொண்டம் டவுனில் இருக்கிறார். அவர் வீட்டுக்கே போய் அனுமதி வாங்கினேன்.

சேருவதற்கு முன்பே என் காதில் ஒரு விஷயம் ஓதப்பட்டுவிட்டது. ஓதியவர் பெரியப்பா மகன் ஆரோக்கியம் அண்ணன். அவரும் பிஎச்.டி. சேர்ந்து பாதியில் விட்டவர்.

"பாப்பா, உன் டேட்டாவ எவங்கிட்டயும் காட்டிடாத. கூட உக்காந்து டீ குடிப்பாங்க, அப்புறம் பார்த்தா உன் வேலை அவங்க பேருல வந்துடும்" என்றார்.

எனக்கு இயல்பிலேயே சந்தேக புத்தி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அண்ணன் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு சீனியர் வான்மதி அக்கா. தா.பழூர்க்காரர், முந்திரித் தோப்பு மண்ணை ஆராய்கிறார். முதல் நாளே, "எந்தத் தோப்பு? எத்தனை மரம்? எப்படிக் குறிக்கப்போற?" என்று கேட்டார். இவ்வளவு எதற்கு விசாரிக்கிறார் என்று மனதுக்குள் ஒரு முள் தைத்தது. நான் உள்ளே வந்தால் லேப்டாப்பை மூடுவார். அதையும் குறித்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்ததும் அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் மார்க்கரால் எண் எழுதி, மரத்துக்கு ஒன்றாகக் கட்டினேன். ஒவ்வொரு வாரமும் அதே மரங்களுக்குப் போய், எத்தனை பூங்கொத்து கருகியிருக்கிறது என்று எண்ண வேண்டும். எந்த எண் எந்த மரம் என்பது அந்தத் துணிக்குத்தான் தெரியும். எனக்கே தெரியாது. எல்லா முந்திரி மரமும் ஒரே மாதிரிதான் கிளை பரப்பி நிற்கும்.

துணி கட்டிய அன்று வான்மதி அக்கா, மண் எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு அதே தோப்புக்கு வந்து நின்றார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. என் மரங்களை ஒவ்வொன்றாக மொபைலில் படம் எடுத்தார். எதற்கு என்று நான் வாய் திறந்து கேட்கவில்லை. அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவருடைய எண்ணை பிளாக் செய்துவிட்டேன்.

முதலில் ஓரத்து மரங்களில்தான் துணி காணாமல் போனது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் போனால் தோப்பு முழுக்க ஒரு துணிகூட இல்லை. நான் போட்ட முடிச்சுகளைக் காற்று அவிழ்க்காது. இது கை வேலை.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். முந்திரி வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். அதுவரை எண்ணியதெல்லாம் எந்த மரத்துடையது என்று தெரியாவிட்டால் இந்தப் பருவம் வீண். தவக்காலம் முடிந்ததும் முதல் பரிசீலனைக் கூட்டம் இருந்தது. ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது என்று கேட்கும் குழுவின் முன்னால் காட்ட எதுவும் இருக்காது. அம்மா ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடம் போச்சு என்று வீட்டில் தெரிந்தால் படிப்புக்கு முற்றுப்புள்ளி விழுந்துவிடும்.

சாம்பல் புதனன்று ஊருக்குப் போனேன். நெற்றியில் சாம்பலோடு மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எடுத்தது யாருன்னு காட்டும். என் கண்ணு முன்னாடி நிறுத்தும்" என்று கேட்டேன். துணி திரும்ப வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஆளைத்தான் கேட்டேன். ஆள் யார் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஆண்டவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்ற நிலையில் இருந்தேன்.

மறுநாள் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு சாரிடம் நேராகப் போய் வான்மதி அக்காவின் பெயரைச் சொல்லிவிடுவது என்று கல்லூரிக்குப் போனேன். சார் அறை பூட்டியிருந்தது. அவசர வேலையாகத் திருச்சிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். கதவு முன்னால் நின்று ஆண்டவரிடம் கோபப்பட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் ஏறித் தோப்புக்குப் போனேன்.

தோப்பில் ஓர் அம்மா அரிவாளோடு நின்றிருந்தார். நான் அதுவரை பார்த்திராத முகம். பெயர் செல்வி என்று பின்னால் தெரிந்தது. வேலி ஓரத்தில், யாரும் கிட்டே போகாதபடி ஒதுக்கிப் போட்ட மாதிரி, ஒரு சிவப்புக் குவியல். மேலே எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டுக் குங்குமம் தூவியிருந்தது. என் அம்மாவின் சேலை. என் எண்கள்.

"யாரும்மா நீ? இங்க என்ன வேலை?" என்றார்.

"அது என் துணிங்கக்கா. நான்தான் கட்டுனேன்."

அவர் அரிவாளை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். "நீயா? யாரு அனுப்புனா உன்ன? எங்க நாத்தனாரா?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் புரிந்தது. தோப்புக்காரர் இந்தப் பருவத்துக்குத் தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். குத்தகை எடுத்தது செல்வி அக்கா குடும்பம். நான் அனுமதி கேட்டது தோப்புக்காரரிடம் மட்டும். அவர் இவர்களிடம் சொல்லவில்லை. இங்கே பூ கருகுகிறது. ஏன் என்று பார்த்தால் மரத்துக்கு மரம் சிவப்புத் துணி, அதில் ஏதோ எழுத்து. செய்வினை என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்தக் குத்தகையைக் கேட்டுக் கிடைக்காத நாத்தனார்தான் வைத்தார் என்று அந்த வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லை. முதலில் ஓரத்து மரத்துத் துணிகளை அவிழ்த்துப் பூசாரியிடம் காட்டி, பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்திருக்கிறார்கள்.

பூச்சியைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை. "சிமெண்டு கம்பெனிக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்க அளவு குறிச்சீங்களா? நெசத்தச் சொல்லு" என்றார். கடைசியில் ஒரு பூங்கொத்தை வளைத்து, சாறு உறிஞ்சிக்கொண்டிருந்த பூச்சியையே காட்டினேன். கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இந்தச் சின்ன சனியனா?" என்றார். பிறகு, "இதுக்காவ அவகிட்ட நான் மூஞ்சி குடுத்துப் பேசலியே" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எடுத்தவரை என் கண் முன்னால் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். ஆண்டவர் நிறுத்திவிட்டார். நான் நினைத்திருந்த ஆள்தான் இல்லை.

துணி கிடைத்தது. ஆனால் எந்தத் துணி எந்த மரம்? மறுபடியும் அதே இருட்டு. அப்போதுதான் வான்மதி அக்கா எடுத்த படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவரிடம் போய்க் கேட்பதைவிடப் படிப்பை விட்டுவிடலாம் போலிருந்தது. பஸ்ஸில் பெரம்பலூர் வரும் வரைக்கும் செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தேன். இந்த முறை ஆளைக் கேட்கவில்லை. வாய் திறக்க தைரியம் கேட்டேன்.

ஆய்வகத்தில் தனியாக இருந்தார். வழக்கம்போல லேப்டாப்பை மூடினார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு என் மரத்தை எல்லாம் எதுக்குப் படம் எடுத்தீங்க?"

அவர் மொபைலில் வாட்ஸ்அப்பைத் திறந்து என் கையில் கொடுத்தார். என் பெயருக்கு அனுப்பிய படங்கள். ஒவ்வொரு மரமும், துணியில் எண்ணும், கீழே தேதியும் மரம் நிற்கிற இடத்தின் ஜி.பி.எஸ். அளவுகளும். எல்லாப் படத்துக்கும் ஒற்றை டிக், என்னை வந்து சேரவே இல்லை.

"துணி நிக்காதுன்னு எனக்குத் தெரியும். மொத வருஷம் நானும் கட்டுனேன். சொன்னா நீ கேக்குற ஆளு இல்ல. அதான் எடுத்து அனுப்பிட்டேன். என் நம்பர ஏன் பிளாக் பண்ணுன?"

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நான் மாதாவின் முன்னால் முழங்காலிடுவதற்கு வெகு முன்பே, துணி தொலைவதற்கும் முன்பே, என் செபத்துக்கான பதில் அனுப்பப்பட்டுவிட்டது. அது என்னை வந்து சேராமல் நிறுத்தி வைத்திருந்தது என் விரல்தான்.

அந்த வாரமே படங்களை வைத்து எல்லா மரத்தையும் கண்டுபிடித்தோம். செல்வி அக்காவும் கூட வந்தார், சரியாகத்தான் கட்டுகிறோமா என்று சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே. இந்த முறை எண் பொறித்த தகரத் துண்டுகள், கம்பியில். பரிசீலனைக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்பாவே, இப்போதைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆண்டவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களே, நிலம் யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அங்கே தினமும் கால் வைக்கிறவர் யார் என்று கேட்டு, அவரிடமும் சொல்லுங்கள். எண்ணியதை அன்றே இரண்டு இடத்தில் வையுங்கள். ஏதாவது தவறிப்போனால் ஒளிக்காமல் கைடிடம் அதே வாரம் சொல்லுங்கள். சீனியர் மேல் சந்தேகம் வந்தால் ஊரெல்லாம் கேட்காமல் அவரையே கேளுங்கள். ஆரோக்கியம் அண்ணன் சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள். ஆனால் எல்லாரையும் அப்படி நினைத்தால் உதவி எந்த வழியாக வரும்?

என் சந்தேக புத்தி அடியோடு போய்விடவில்லை. பூட்டை இன்னும் இழுத்துப் பார்க்கிறேன். வான்மதி அக்கா லேப்டாப்பை ஏன் மூடுகிறார் என்பதும் இன்றுவரை தெரியாது. ஆனால் இப்போது செபிக்கும்போது, ஆளைக் காட்டும் என்று கேட்பதில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்ததும், யாரையெல்லாம் பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு முறை பாருங்கள்.