விசாக நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை

வெள்ளிக்கிழமை பூசைக்குப் போன இடத்தில் என் கணவர் ஓர் அமெரிக்கப் பந்தாட்டக்காரரின் பெயரில் அர்ச்சனை செய்தார். நான் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றேன். ஐயர் பெயரைக் கேட்டார், இவர் சொன்னார். ஐயர் இரண்டாம் தரம் கேட்டார். இவர் எழுத்துக் கூட்டிச் சொன்னார். நட்சத்திரம் என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை. "விசாகம்" என்றார். ஐயர் பாவம், லண்டனில் எத்தனையோ விதமான பெயர்களைச் சொல்லிப் பழகியவர். எங்கேயோ ஒரு மைதானத்தில் தோள்கவசம் கட்டிக்கொண்டு ஓடித்திரியும் அந்த வெள்ளைக்காரருக்கும் சேமம், வீரியம், விஜயம் எல்லாம் வேண்டி முருகனுக்குப் பூப் போட்டார்.

 ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளுக்கு ஆட்டம். திங்கட்கிழமை எனக்குப் பல் வைத்தியராவதற்கான சோதனை. என் பெயரில் ஒரு பூக்கூட விழவில்லை.

அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த கதையையும் சொல்லவேண்டும். ஆளின் பிறந்த திகதியும் ஊரும் இணையத்தில் கிடந்தன. பிறந்த நேரம் மட்டும் கிடைக்கவில்லை. அதற்கெல்லாம் இவர் சோர்ந்துபோகிற ஆள் இல்லை. மோர்டனில் இருக்கும் தன் அண்ணரோடு ஒரு பின்னேரம் முழுக்கப் போனில் இருந்து, காலையில் பிறந்திருந்தால் சுவாதி, மத்தியானத்துக்குப் பிறகு என்றால் விசாகம் என்று வாதாடினார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில்தானே ஆள் சூடு பிடிக்கிறார், ஆகவே பின்னேரம் பிறந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று அண்ணரும் தம்பியும் முடிவுகட்டினார்கள். ஒருவர் கவுன்சிலில் அதிகாரி, மற்றவர் கணக்காளர். படித்த மனுசர்.

இவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது வெம்பிளியில்தான். அமெரிக்க அணிகள் இடைக்கிடை எங்கள் ஊர் மைதானத்துக்கு வந்து ஆடும். வேலையிடத்தில் யாரோ மிஞ்சிய டிக்கெட் ஒன்றைக் கொடுக்க, வீட்டிலிருந்து நடந்தே போனார். அன்று ஒரு பக்கத்துக்குக் குவார்ட்டர்பேக்காக நின்றவர் இந்த ஆள். குவார்ட்டர்பேக் என்றால் பின்னால் நின்று பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவெடுத்து, மொத்த ஆட்டத்தையும் கொண்டுநடத்துபவர். அன்று மழை. ஆளைப் போட்டு விழுத்தினார்கள், எழும்பினார், பிறகும் விழுத்தினார்கள். படுதோல்வி. நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்த என் கணவர், "அவன்ர எழும்பலைப் பாக்க வேணும்" என்றார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு ஆள்.

பிறகு ஆளின் தோள் உடைந்தது. அணி கைவிட்டது. இன்னோர் அணியில், தன்னிலும் எவ்வளவோ இளையவன் ஒருவனுக்குப் பின்னால் பெஞ்சில் குந்தியிருந்தார். இந்தப் பருவத்தில் அந்த இளையவனுக்குக் கால் முறிந்ததால் முப்பத்தெட்டு வயதில் இந்த ஆளை இறக்கினார்கள். இறங்கினவரை நிறுத்த ஏலவில்லை. வென்று வென்று பிளே-ஆஃபுக்குள் வந்துவிட்டார். அங்கே ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். அதிலும் இரண்டு ஆட்டம் வென்றார். இந்த ஞாயிறும் வென்றால் இறுதிப்போட்டி.

எனக்கும் அந்த ஆளைப் பிடிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. குசினி வாசலில் நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டம் பிடிபட்டுவிட்டது. நாலு பேர் தன்மேல் பாய வரும்போதும் பந்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு கணம் பொறுப்பார். அந்தப் பொறுமையைக் கண்டால் நானும் அகப்பையோடு அப்படியே நின்றுவிடுவேன். என் கோபம் அவர்மேல் இல்லை.

நான் ஊரில் பல் வைத்தியம் படித்துப் பாஸ் பண்ணினவள். கலியாணம் கட்டி இங்கே வந்தேன். இவர் வீட்டார் என் சாதகக் குறிப்பை வாங்கி இரண்டு சாத்திரிமாரிடம் காட்டி, பொருத்தம் எல்லாம் பார்த்த பிறகுதான் சம்மதம் சொன்னார்கள். ஊர்ப் பட்டத்தோடு இங்கே ஒருவரின் வாய்க்குள் கைவைக்க விடமாட்டார்கள். தனியாகச் சோதனை எடுக்கவேண்டும். மகள் பிறந்தாள், வீட்டுக் கடன் வந்தது, மாமியைப் பார்க்கவேண்டியிருந்தது. பிறகு பார்ப்பம், பிறகு பார்ப்பம் என்று போயிற்று. பல் கிளினிக் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். என்னிலும் எவ்வளவோ இளைய பிள்ளைகள் வைத்தியராக வந்து நிற்க, நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் படிக்கத் தொடங்கினேன். எழுத்துச் சோதனையில் தேறினேன். செய்முறையில் விழுந்தேன். பொம்மைத் தலை ஒன்றின் வாயில் பிளாஸ்டிக் பல்லைச் சீவும்போது கருவி பக்கத்துப் பல்லில் ஒரு பொட்டுத் தொட்டுவிட்டது. அவ்வளவுதான்.

இரண்டாம் தரம் விண்ணப்பித்தபோது சாப்பாட்டு மேசையில் இவர் சொன்னார்: "எடும், எடும். ஆனா இந்த முறையும் சரிவராட்டி விட்டிடுவம், என்ன? வயசையும் ஒருக்காப் பாக்க வேணும்."

அன்று அண்ணரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஓம் பிள்ளை. இந்த வயசில கை நடுங்கும், கண் தெரியாது. பல்லுப் புடுங்கிறது இளம் ஆக்களின்ர வேலை" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே தம்பியின் பக்கம் திரும்பிப் பந்தாட்டக்காரரைப் பற்றி, "உவனைப் பாத்தியே? வயசு போகப் போகத்தான் உவனுக்குக் கை நிதானமாகுது" என்றார். ஒரே வாய், ஒரே மூச்சு. நான் நடுவில் மீன்குழம்புச் சட்டியோடு நின்றேன். எனக்கு வயது நாற்பத்தேழு.

இனி ராசிக் கதை. பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தை எங்கள் வீட்டில் கூடியிருந்து பார்த்தார்கள். அண்ணரும் இவருடைய இரண்டு சிநேகிதர்களும் வந்தார்கள். நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். ஆள் தோற்கிற நிலையிலிருந்து வென்றார். அடுத்த கிழமையும் அதே கதிரைகள், தோய்க்காத அதே சட்டைகள், அதே ரோல்ஸ். ஆட்டத்துக்கு நடுவில் நான் வெளியே வந்து ஒரு கதிரையில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஆள் பந்தைப் பறிகொடுத்தார். நான் அடுப்பை நிறுத்தக் குசினிக்குள் போனேன். உடனே ஒரு டச்டவுன், ஆறு புள்ளி. அவ்வளவும் போதுமாக இருந்தது. அண்ணர் கண்டுபிடித்துவிட்டார்: பிள்ளை, அதாவது நான், குசினிக்குள் நின்றால் வெற்றி, வெளியே வந்தால் வில்லங்கம்.

முதலில் நானும் சிரித்தேன். மூன்றாம் ஆட்டம் என் சோதனைக்கு முதல்நாள் இரவு என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இஞ்சேருங்கோ, இந்த முறை அண்ணை வீட்டில பாருங்கோவன். எனக்கு மேசை வேணும். அமைதி வேணும்" என்றேன்.

இவர் நான் ஏதோ தாலியைக் கழற்றித் தரச் சொன்னதுபோல் பார்த்தார். "இடம் மாத்தக் கூடாதப்பா. ரெண்டு மேட்ச் வெண்ட இடம்."

"எனக்கு அடுத்தநாள் சோதனை."

"அது காலமைதானே? ஆட்டம் பதினொரு மணியளவில முடிஞ்சிடும். பிறகு நீர் ஆறுதலாப் படிக்கலாம். ரோல்சை மட்டும் முதலே சுத்தி வையும்."

ரோல்சை மட்டும்!  

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழகுவதற்கு நான் வாங்கி வைத்திருந்த பொம்மைத் தலையைச் சாப்பாட்டு மேசையிலிருந்து கழற்றிப் படிக்கட்டுக்குக் கீழே வைக்கச் சொன்னார். வாயைப் பிளந்துகொண்டு இருக்கும் தலை. "வாற ஆக்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார். கழற்றி வைத்தேன். ரோல்ஸ் சுற்றினேன். ஏன் செய்தாய் என்று மகள் பிறகு போனில் கேட்டாள். பழக்கம், வேறென்ன.

எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. குசினிக் கதவைச் சாத்திவிட்டு, கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, செய்முறையின் ஒழுங்கை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் "ஐயோ!" என்றும் "எறியடா!" என்றும் கேட்டது. எண்ணெய் மணத்தில் தலை வலித்தது. தண்ணீர்ப் போத்தலை எடுக்க, அவர்கள் இருந்து பார்க்கும் ஹோலுக்குப் போனேன். நாலு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். இவர் எழும்பியே விட்டார்.

"நீர் உள்ள நில்லும். ப்ளீஸ். இன்னும் கொஞ்ச நேரம்தான்."

"பிள்ளை, உள்ள போங்கோ. நாலு பொயின்ட்தான் பின்னால நிக்கிறம்" என்றார் அண்ணர்.

திரும்பி உள்ளே போனேன். அடுப்படியில் நின்று ஆறிப்போன ரோல்ஸ் தட்டைப் பார்த்தேன். இந்த நாட்டில் இவ்வளவு காலம் வேலை செய்து, வரி கட்டி, பிள்ளை வளர்த்து, கடைசியில் ஒரு முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை அமெரிக்காவில் பந்து எறிவதற்காக நான் என் சொந்த வீட்டில் குசினிக்குள் மறைந்து நிற்கவேண்டுமா? அவர் மீண்டு வருவதற்கு நாலு பேர் சட்டை தோய்க்காமல் இருக்கிறார்கள். நான் மீண்டு வருவதற்கு ஒரு மேசை கிடையாது.

நேரே போய்ப் படிக்கட்டின் கீழே இருந்த தலையைத் தூக்கினேன். சாப்பாட்டு மேசையில் இருந்த கிளாசுகளையும் தட்டுகளையும் ஒரு பக்கமாகத் தள்ளினேன். தலையைப் பொருத்தி இறுக்கினேன். கண்ணாடியைப் போட்டு, துளைக்கும் கருவியை ஓடவிட்டேன். பல் கிளினிக்கில் எல்லாரையும் கதிரைக் கைப்பிடியை இறுக்கவைக்கும் அந்தச் சத்தம் ஹோல் முழுக்க நிறைந்தது.

"உமக்கென்ன விசரே?" என்று இவர் கத்தினார்.

"ஓம்" என்றேன்.

தொலைக்காட்சியில் கடைசி முயற்சி போய்க்கொண்டிருந்தது. ஆள் பந்தை வாங்கிப் பின்னால் வந்தார். பொறுத்தார். இன்னும் ஒரு கணம் பொறுத்தார். ஓரக்கண்ணால் நானும் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது. எறிந்தார். மற்றப் பக்கத்து ஆள் ஒருவன் துள்ளி அதைத் தன் நெஞ்சோடு அணைத்தான். முடிந்தது.

நாலு பேரும் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

"பாத்தீரே?" என்றார் இவர். குரல் உடைந்திருந்தது.

"அவர் எறிஞ்சது. நான் எறியேல்லை."

 பிறகு அண்ணர் பெருமூச்சு விட்டு, "பரவாயில்லை. அடுத்த வருஷம் வருவான். இன்னும் ரெண்டு மூண்டு வருஷம் அவனிட்ட விளையாட்டு இருக்கு" என்றார். மற்றவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

நான் கருவியை நிறுத்தினேன். "அவர் தோத்தால் அடுத்த வருஷம். நான் தோத்தால் விட்டிடுவம். அப்பிடித்தானே?"

"அது விளையாட்டப்பா" என்றார் இவர்.

"ஓம், விளையாட்டு. அதுக்குத்தான் அர்ச்சனை செய்தனீங்கள்."

அண்ணர் ஜாக்கெட்டைத் தேடினார். சிநேகிதர்கள் சப்பாத்தைப் போட்டார்கள். போகும்போது ஒருவரும் ரோல்ஸ் கட்டித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. இவர் மேலே போய்ப் படுத்துவிட்டார். நான் அந்தப் பல்லைச் சீவி முடித்தேன். பக்கத்துப் பல்லில் ஒரு கீறல் இல்லை.

அடுத்தநாள் காலை இவர் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஜூபிலி லைன் பாதாள ரெயிலில் நின்றுகொண்டே போனேன். சோதனையில் கை நடுங்கவில்லை. கோபத்தில் இருக்கும்போது என் கை கல்லுப்போல நிற்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு மறுமொழி வந்தது. பாஸ். இவர் உண்மையாகவே சந்தோசப்பட்டார், அதையும் சொல்லவேண்டும். கண் கலங்கினார். இலங்கை, கனடா, ஜெர்மனி என்று எல்லா இடமும் போன் எடுத்து, "இந்த வயசிலயும் விடாமல் படிச்சவா, நாங்கள் நல்ல சப்போர்ட்" என்று சொன்னார். அண்ணர் இனிப்புப் பெட்டியோடு வந்து, "உங்கட வீட்டு ராசி அப்பிடி" என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கிளினிக்கில் இருந்தேன். இவர் கோயிலிலிருந்து போன் எடுத்தார். பின்னால் மணிச் சத்தமும் சனத்தின் இரைச்சலும் கேட்டன. உம்முடைய பெயரில் அர்ச்சனை செய்யப்போகிறேன், ஐயர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று அவசரப்பட்டார்.

"இஞ்சேரும், உம்மட நட்சத்திரம் என்ன?"

எச்சில் குழாய் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். இரண்டு சாத்திரிமார், பத்துப் பொருத்தம், இருபத்தொரு வருசத்துக் குடித்தனம்.

"விசாகம்" என்றேன்.

"ஓம் ஓம், விசாகம். இப்பத்தான் ஞாபகம் வருது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பின்னேரம் திருநீறும் வாழைப்பழமுமாக அர்ச்சனைத் தட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்து, நல்லபடியாக நடந்தது என்றார். வாங்கி மேசையில் வைத்தேன். என் நட்சத்திரம் உத்தரட்டாதி.