கொடியை இறக்கு

மதியச் சாப்பாட்டு மணி அடித்து, தையல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன. செக்கார் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி வரிசைகளுக்கு நடுவே ஓடி வந்தாள்.

“கியார்த்தி அக்கா! அண்ணனோட புதுப் பாட்டு வந்திருச்சு. அதுல நீ இருக்கே!”

“நான் எங்கேடி இருக்கேன்? இங்க காலர் தச்சுக்கிட்டு இருக்கேன்.”

“பேசாம பாரு.”

கியார்த்தி தெம்பே என்ற சோயா வறுவலும் சோறும் இருந்த டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பார்த்தாள். நெல் வயலுக்கு நடுவே பாடகர் ஜரோட் பாரா கிடாரோடு நடந்து வருகிறார். வெள்ளைச் சட்டை. இடுப்பு கொஞ்சம் பெருத்திருக்கிறது, குரல் அதே குரல்தான். ‘பொன் விடியல் வருது’ என்று பாடுகிறார். பிறகு ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தின் முன்னால், மூங்கில் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கொடிக்குக் கீழே, வாய் திறந்து அழுதுகொண்டே பாடும் ஒரு பெண். நரை விழாத தலை. கண் மூடித் திறப்பதற்குள் அந்தக் காட்சி போய், சீருடைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கடைசியில் திரை முழுக்க ஒரு மஞ்சள் சூரியன்.

அந்தச் சூரியனை அவளுக்குத் தெரியும். அவள் ஊர்ப் பாதையில் போகும் ஒவ்வொரு லாரியின் கதவிலும் அது இருக்கிறது. சிமெண்ட் கம்பெனியின் சின்னம்.

“அழகா இருக்கே அக்கா. என்ன இளமை!” என்றாள் செக்கார். பிறகு கியார்த்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைத்தாள்.

அந்த அழுகை எந்த நாளுடையது என்று கியார்த்திக்குத் தெரியும். செண்டாங்கிரி மலையைக் கம்பெனிக்குக் கொடுத்த வருடம் அது. மலைக்கு அடியில் ஊற்று இருந்தது. ஊரே அந்தத் தண்ணீரில்தான் சோறு வடித்தது, பயிர் வைத்தது. லாரி போகக் கூடாது என்று பெண்கள் பாதையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ஜரோட் பாரா வந்தார். அந்தக் காலத்தில் ஜாவா முழுக்கக் கேட்ட ராக் குரல் அவருடையது. முட்டைக்கோஸ் ஏற்றும் வண்டியின் மேல் ஏறி நின்று, ஒரு காசு வாங்காமல், ‘ஊற்றைத் தொடாதே’ என்ற பாட்டைப் பாடினார்.

அவருடைய ரசிகர்களுக்குத் ‘தணல் பிள்ளைகள்’ என்று பெயர். எந்தக் கச்சேரிக்குப் போனாலும் ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் ஊர்ப் பெயர் எழுதிய கொடியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எவ்வளவு பெரிய கொடியோ அவ்வளவு பெருமை. பின்னால் நிற்பவர்களுக்கு மேடை தெரியாது, “கொடியை இறக்கு!” என்று கத்துவார்கள், தண்ணீர் பாக்கெட்டை எறிவார்கள். கொடி பிடிப்பவள் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பாட்டுக்கு நடுவே அண்ணன் மேடையிலிருந்து கொடிகளைப் பார்த்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார் அல்லவா, அந்த ஒரு நொடிக்காகத்தான் கை நோக நிற்பது.

அன்றைக்குக் கூடாரத்துக்கு முன்னால் கியார்த்தி தன் கையால் தைத்த கொடியைத் தூக்கியபோதும் யாரோ வழக்கம்போல “இறக்கு” என்றார்கள். ஜரோட் பாரா பாட்டை நிறுத்தினார். “யாரும் அந்தக் கொடியை இறக்கச் சொல்லாதீங்க. அக்கா, நீங்க இறக்காதீங்க” என்றார் ஒலிபெருக்கியில். அப்போதுதான் அவள் அழுதாள்.

மறுவாரம் போலீஸ் வந்தது. கூடாரம் போனது. அவள் கணவன் பர்யோனோ, யாரையோ அடித்ததாகச் சொல்லப்பட்டு, சிறைக்குப் போனான். மலையில் வெடி வைத்தார்கள். ஊற்று முதலில் கலங்கியது, பிறகு மெலிந்தது, பிறகு இல்லை. ‘ஊற்றைத் தொடாதே’ மட்டும் நாடெங்கும் நன்றாக ஓடியது.

புதுப் பாட்டு வந்த அன்று சாயங்காலத்துக்குள் தணல் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்துவிட்டது.

“துரோகி. மன்றச் சட்டையை எரிச்சிட்டேன், பாருங்க” என்று ஒருவன் படம் போட்டான்.

“எரிச்ச சட்டைக்குள்ள நீ இருந்திருந்தா நல்லாருக்கும்” என்றான் இன்னொருவன்.

“அண்ணன் எத்தனை நாள்தான் பட்டினியா பாடுவாரு? அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

“கிடார் சும்மா அதிருது. காசு எங்கேர்ந்து வந்தா உனக்கென்னய்யா?”

“அட மடப் பசங்களா, இது கம்பெனியக் கிண்டல் பண்ற பாட்டு. ரெண்டாவது வரியில ‘பொன்’னுன்னு சொல்லும்போது குரல் லேசா நடுங்குது, கவனிச்சீங்களா? உள்ளர்த்தம் புரியாதவனுக்கெல்லாம் எதுக்குப் பாட்டு?”

இந்தக் கடைசி ஆளுக்குத்தான் அதிக ஆதரவு. தெய்வம் தப்புச் செய்யாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டவனுக்கு, தெய்வம் திருடினாலும் அது ஒரு திருவிளையாடல்தான். மனிதனை மனிதனாகப் பார்த்திருந்தால் ‘நேற்று நன்றாக இருந்தான், இன்று விலை போய்விட்டான்’ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். சட்டையை எரிப்பவனுக்கும் அந்த மனசு இல்லை. அவனும் நேற்றுவரை கும்பிட்டவன்தானே.

நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: “கொடி பிடிச்சு அழற அந்த அம்மாவைப் பாருங்க. அதுதான்யா உண்மையான பக்தி.” அதற்குக் கீழே வேறு ஒருவர்: “அழறதுக்கு எவ்வளவு வாங்கினா?”

மறுநாள் காலை ஊரில் தண்ணீர் வண்டி வந்தது. ஊற்று போனபின் கம்பெனியே அனுப்பும் வண்டி. அதன் கதவிலும் சூரியன். கியார்த்தி குடத்தோடு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் மார்சி அக்கா. கூடாரத்தில் இருவரும் ஒரே பாயில் படுத்தவர்கள். மார்சி அக்கா திரும்பிப் பார்த்தாள், தன் குடத்தை நகர்த்தி வழிவிட்டாள்.

“நீ முதல்ல பிடிச்சுக்கோம்மா. உங்க கம்பெனித் தண்ணிதானே.”

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பதில் சொல்ல வாயெடுத்தால் கியார்த்திக்கு அழுகை வரும், அழுதால் அதற்கும் யாராவது விலை கேட்பார்கள்.

அன்று மாலையே நகரத்துக்குப் போனாள். ரசிகர் மன்றத்தின் மாவட்டத் தலைவன் நானாங் அங்கே ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். கடை முழுக்க ஜரோட் பாராவின் படங்கள்.

“நானாங், என் மூஞ்சிய அதுலேர்ந்து எடுக்கச் சொல்லு. வேற எதுவும் கேக்கல. பாட்டு இருக்கட்டும், கம்பெனி இருக்கட்டும். என்னை மட்டும் எடுத்துரச் சொல்லு.”

“அக்கா, ஊரே உங்களத்தான் பேசுது. எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்?”

“உனக்கு வாய்க்கட்டும். உன் மூஞ்சிய வைக்கச் சொல்லு.”

அவன் தலையைச் சொறிந்தான். மேலாளருக்குச் செய்தி அனுப்பினான். பதில் வந்ததும் படித்தான், படித்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான்.

“என்னவாம்?”

“கம்பெனிக்காரங்களுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சிருக்காம் அக்கா. அழுகை நிஜமா இருக்காம்.”

கியார்த்தி கடை வாசலில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். மலையை எடுத்துக்கொண்டார்கள், தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். அவை போனதற்காக அவள் அழுத அழுகை மிச்சம் இருந்தது. அதையும் எடுத்து, எடுத்தவர்களுக்கே விளம்பரமாக ஒட்டிவிட்டார்கள். அதற்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம கால்பந்து மைதானத்துலதான் கச்சேரி” என்றான் நானாங், குரலைத் தாழ்த்தி. “புதுப் பாட்டை மேடையில பாடுறதையும் படம் எடுக்கிறாங்க. வாங்க. முன் வரிசையில இடம் பிடிச்சுத் தர்றேன். அண்ணனே கொடியப் பாத்து ஊர்ப் பேரை வாசிச்சாருன்னா, அப்புறம் உங்ககூடப் பேசாமலா போவாரு?”

குழுவில் அவளும் எழுதிப் பார்த்தாள்: அழுகிற பெண் நான்தான், என்னைக் கேட்காமல் வைத்திருக்கிறார்கள், எடுத்துவிடுங்கள் என்று. சட்டை எரித்தவர்கள், “கொடியையும் எரிங்க அக்கா, நேரலையில போடலாம்” என்றார்கள். மற்றவர்கள், “வெளிநாட்டுக் காசு வாங்கிட்டுப் பேசுறா” என்றார்கள். இரு தரப்புக்கும் அவள் தேவைப்பட்டாள். அவள் கேட்டதுதான் யாருக்கும் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை மாலை வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து கொடியை மடியில் விரித்தாள். நடுவே சிவப்பு நூலில் தணல் சின்னம், மேலே ஜரோட் பாராவின் பெயர், கீழே ஊர்ப் பெயர். சின்னத்தையும் அவர் பெயரையும் தையல் தையலாகப் பிரித்தாள். வெயில் படாத இடத்தில் துணி இன்னும் கன்னங்கரேலென்று இருந்தது. பிரித்த பிறகும் தணலின் உருவம் அங்கே தெரிந்தது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ‘செண்டாங்கிரி’ என்ற ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவைத்தாள்.

பர்யோனோ பின்கட்டிலிருந்து வந்து பார்த்தான். சிறையிலிருந்து வந்த பின் தார்ப்பாய்த் தொட்டியில் கெளுத்தி மீன் வளர்த்தான். போன மாதம் தண்ணீர் இல்லாமல் அவையும் செத்துவிட்டன.

“போகத்தான் போறியா?”

“போறேன்.”

“அவன் ஒண்ணும் செய்ய மாட்டான்.”

“தெரியும். ஆனா என்னைப் பாக்கட்டும்ங்க. பாத்துட்டுச் செய்யாம இருக்கட்டும்.”

அவன் போய், மீன் தொட்டிக்கு மேல் வலை கட்டியிருந்த மூங்கிலை அவிழ்த்து வந்து சுவரில் சாய்த்தான். “பழைய கம்பு கட்டை. இது உசரமா இருக்கும்” என்றான்.

மைதானத்தில் வெயில் கொளுத்தியது. கூட்டம் மயங்கி விழாமல் இருக்க இரண்டு பக்கமும் லாரிகளை நிறுத்திக் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார்கள். லாரிக் கதவுகளில் சூரியன். பையன்கள் அண்ணாந்து வாயைத் திறந்து ஆடினார்கள். தண்ணீர் மண்ணில் கொட்டிச் சேறாகி, செருப்பில் ஒட்டியது. கியார்த்தி அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊரில் ஒரு வாரத்துக்கு வரும் தண்ணீர்.

ஜரோட் பாரா மேடைக்கு வந்ததும் கூட்டம் அலறியது. அலறலுக்கு நடுவே ஊளையும் கேட்டது. இரண்டு பழைய பாட்டு. பிறகு, வழக்கம்போல, நெற்றியில் கைவைத்துக் கொடிகளைப் பார்த்து ஊர்ப் பெயர்களை வாசித்தார்.

“பாத்தி வந்திருக்கு! குடுஸ்! ஜெப்பாரா, நல்லாருக்கீங்களா? தெமாக்!”

கியார்த்தி மூங்கிலை நிமிர்த்தினாள். அவர் பார்வை கொடியில் வந்து நின்றது. கொடியில் தன் பெயர் இருந்த இடத்தையும் பார்த்திருப்பார், தூரமில்லை. வாய் திறந்தது. பிறகு பார்வை நகர்ந்தது.

“புளோரா!” என்றார், அடுத்த கொடியைப் பார்த்து.

அவ்வளவுதான். அடுத்து ‘பொன் விடியல்’ தொடங்கியது. கூட்டத்துக்கு மேலே நீண்ட கிரேன் கையில் தொங்கிய கேமரா மெல்ல முன்வரிசைக்கு வந்தது. கியார்த்தி ஒரு எட்டு முன்னால் போய், கொடியை அதற்கு நேரே உயர்த்தினாள். கேமரா இடது பக்கம் போனது, கொடியும் போனது. வலது பக்கம் வந்தது, கொடியும் வந்தது.

“கொடியை இறக்கு!”

“ஏய் கிழவி, இறக்கு! நாங்க காசு குடுத்து வந்திருக்கோம்!”

“விடுடா, பிடிக்கட்டும்! நல்லாப் பிடி அக்கா!”

ஒரு தண்ணீர் பாக்கெட் அவள் முதுகில் வந்து உடைந்தது. பின்னால் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கின. மேடையில் ஜரோட் பாரா பாட்டுக்கு நடுவே கையைத் தூக்கினார்.

“முன்னாடி கொடி வச்சிருக்கிற அக்கா, தயவுசெஞ்சு கொஞ்சம் இறக்குங்க. பின்னாடி இருக்கிறவங்களுக்கு என்னைத் தெரியல.”

“நீங்கதானே இறக்காதீங்கன்னு சொன்னீங்க!” என்று கத்தினாள். ஒலிபெருக்கி அவரிடம் இருந்தது. பக்கத்தில் நின்றவனுக்கு மட்டும் கேட்டது. அவன் என்னவென்று புரியாமல் அவளை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றான்.

தோள்பட்டையில் வலி ஏறிக் கழுத்துக்கு வந்தது. அவள் அழவில்லை. இந்த முறை அழக் கூடாது என்று முடிவோடு வந்திருந்தாள். பாட்டு முடிகிறவரை பிடித்தாள். முடிந்ததும் தானாக இறக்கி, கொடியைக் கம்பில் சுற்றிக்கொண்டு, அடுத்த பாட்டுக்கு நிற்காமல் வெளியே நடந்தாள். வாசலில் நானாங் நின்றிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

சில நாள் கழித்துச் செக்கார் மறுபடி ஓடி வந்தாள். “எடுத்துட்டாங்க அக்கா! நீ ஜெயிச்சுட்டே!”

கியார்த்தி இரண்டு முறை பார்த்தாள். அவள் இருந்த இடத்தில் இப்போது எந்த ஊரிலோ உள்ள ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. கேட்டபோது எடுக்காதவர்கள், தொல்லை என்று ஆனதும் எடுத்திருந்தார்கள். கீழே சண்டை ஓயவில்லை. அருவியின் உள்ளர்த்தம் பற்றி ஒருவர் நீளமாக எழுதியிருந்தார்.

“நல்லது” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலரை எடுத்தாள்.

அந்த வாரம் ஊருக்குத் தண்ணீர் வண்டி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. விடிந்ததும் மார்சி அக்கா கியார்த்தியின் வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு காலிக் கேன்.

“கோயில்மேட்டுக் கெணத்துல கொஞ்சம் இருக்காம். அந்தக் கம்பை எடுத்துக்கிட்டு வா. கோத்துத் தூக்கிட்டு வந்துரலாம்.” பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னாள்: “இனிமே உங்க கம்பெனின்னு சொல்ல முடியாது பாரு.”

“அதான் வந்தியாக்கும்.”

“வாடி, பேசாதே.”

திரும்பி வரும்போது மூங்கிலின் ஒரு முனை மார்சி அக்காவின் தோளில், மறுமுனை கியார்த்தியின் தோளில். நடுவே தண்ணீர்க் கேன்கள் ஆடின. மேட்டில் ஏறும்போது கியார்த்தியின் நடை தடுமாறியது. கொடி பிடித்த தோள் இன்னும் ஆறவில்லை.

“இறக்கு” என்றாள் மார்சி அக்கா, முன்னால் பார்த்தபடியே. “கொஞ்சம் இறக்கு. நின்னு போலாம்.”

கியார்த்தி இறக்கி வைத்தாள்.