நாற்பத்தைந்து தெரிந்த பக்கம்

அந்தப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்று என்னைக் கேட்காதீர்கள். உள்ளே பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் நிறையச் சின்னதும் பெரியதுமாகப் புள்ளிகள். பச்சையையும் சிவப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குப் புள்ளிகளுக்குள்ளிருந்து ஓர் எண் எழும்பி வரும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுத்தபோது, மெடிக்கல் அறையில் அதைத்தான் விரித்துக் காட்டினார்கள். என் தம்பி அதைப் படித்துக் காட்டிவிட்டு, கார்களுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்ட் ஷாப்புக்குள் போய்விட்டான். நான் வெளியே நின்றுவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் வயிற்றெரிச்சல் மட்டும் அந்த அறை வாசலை விட்டு நகரவில்லை.

எங்கள் தாய்மாமனுக்கும் என்னைப் போலவே பச்சை சிவப்பு பிரியாத கண்தான். பிள்ளைப்பாக்கத்தில் அவர் மிளகாய் போட்டிருந்தபோது, பழம் பறிக்க மட்டும் அவரை யாரும் விடமாட்டார்கள். காயும் பழமுமாகக் கூடையை நிரப்பிவிடுவார். நானும் அப்படியே. அம்மா என் கூடையைக் கவிழ்த்துப் பார்த்து, "மாமன உரிச்சி வெச்சிகினு பொறந்துகீது" என்பாள். அப்போது எனக்கு அதில் பெருமைதான். மாமாவின் ஒரே மகள் எனக்குத்தான் என்று வீட்டில் பேச்சிருந்ததால், மாமா மாதிரி இருப்பது கூடுதல் தகுதி என்றே நினைத்திருந்தேன். தம்பியின் கூடையில் பழம் மட்டும்தான் இருக்கும். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மெடிக்கலுக்குக் கூப்பிட்டபோது யோசனை சொன்னவர் மாமா. "சின்னவன் மொதல்ல போவட்டும். இன்னா நம்பர் வருதுன்னு அவன்கிட்ட கேட்டு உருப்போட்டுக்கோ. அப்புறம் நீ போ." அப்படியே செய்தோம். தம்பி வெளியே வந்ததும் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையாக ஒப்பித்தான். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது, ஐந்து என்று போயிற்று. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா பக்கத்தைத் திருப்பத் திருப்ப, எனக்குத் தெரியாத எண்களைத் தெரிந்தமாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

அப்போது ஒரு பக்கம் வந்தது. அதில் நாற்பத்தைந்து பளிச்சென்று நின்றது. யாரும் சொல்லித்தராமல், என் கண்ணுக்கே தெரிந்த எண். தம்பி சொன்ன வரிசையில் அது இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டான் போல என்று நினைத்து, "நாப்பத்தஞ்சு" என்று சத்தமாகவே சொன்னேன். நர்ஸம்மா எழுதுவதை நிறுத்தினார். "இந்தப் பக்கத்துல நல்ல கண்ணுக்கு எதுவும் தெரியாதுப்பா. உன்ன மாதிரி கண்ணு இருக்கிறவங்களுக்குத்தான் நம்பர் தெரியும்" என்றார். திட்டக்கூட இல்லை. புத்தகத்தை மூடி மேசை டிராயரில் போட்டார்.

"அந்தப் பக்கத்த ஏன்டா சொல்லல?" என்று சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்த தம்பியைக் கேட்டேன். "அதுல ஒண்ணுமே இல்லண்ணா. இல்லாதத இன்னான்னு சொல்றது?" என்றான். நான் நம்பவில்லை. இரண்டு பேருக்கு வேலை போட்டுத் தருவார்களோ மாட்டார்களோ என்று வேண்டுமென்றே மறைத்துவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்த தை மாதம் மாமா மகளை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "பர்மனென்ட் வேலைல கீறவனுக்குத்தான்டா குடுக்க முடியும், கோச்சிக்காத" என்று மாமா என் தோளில் கை வைத்துச் சொன்னார். என்னை மாதிரியே கண் உள்ள மனிதர். அவர் வாயிலிருந்து வந்ததுதான் தாங்கவில்லை.

நான் ஒரகடம் பக்கம் ஒரு டயர் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனேன். டயர் எல்லாமே கறுப்பு, அங்கே கண்ணுக்கு வேலையில்லை. தம்பியோ கார் கதவில் ஊசி முனையளவு தூசி பெயின்ட்டோடு ஒட்டியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவான் என்று பெயர் வாங்கினான். கம்பெனி பஸ் அவனை ஏற்றிக்கொள்ளும் அதே ஸ்டாப்பில்தான் நான் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பேன். என் மனைவி ஒருநாள் கேட்டேவிட்டாள். "இன்னும் எத்தினி நாளு அவன் பஸ்ஸயே மொறச்சினு நிப்ப?"

பிறகு குடோனுக்குக் கண் பரிசோதனை செய்ய வந்த ஒரு டாக்டர் இதை எனக்கு விளக்கினார். இந்தக் குறை தாய் வழியாக வருவது. நிறம் பிரித்துப் பார்க்கவைக்கிற மரபணுவுக்கு என் அம்மாவிடம் இரண்டு பிரதிகள் இருந்தன, ஒன்று பழுது, ஒன்று நல்லது. நல்லது ஒன்று இருந்ததால் அவள் பார்வைக்குக் கேடில்லை. மகனுக்கு அதில் ஒன்றுதான் போகும், எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குப் பழுது, அவனுக்கு நல்லது. இதைக் கேட்டால் மனம் ஆறும் என்று டாக்டர் நினைத்திருப்பார். எனக்கு இன்னும் எரிந்தது. அவன் கெட்டிக்காரத்தனத்தால் ஜெயித்திருந்தாலாவது போகிறது என்று விடலாம். என் இரண்டு பெண்களும் என் பிரதியைச் சுமக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு எல்லா நிறமும் தெரியும். தம்பியிடம் பழுது துளியும் இல்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் அவனிடம் எதுவும் இல்லை. அவன் வம்சமே தப்பித்தது என்று கணக்குப் போட்டேன். அவன் கட்டியிருப்பது யார் பெண் என்பதை மறந்துபோனேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி என்னை வீட்டுக்கு வரச் சொன்னான். அவன் மகன் டிப்ளமோ முடித்து அப்பாவின் கம்பெனிக்கே விண்ணப்பித்திருந்தான். மெடிக்கலுக்கு முன்னால் பழகிக்கொள்ளலாம் என்று போனில் அந்தப் புள்ளி வட்டங்களைத் திறந்து பார்த்திருக்கிறான். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வட்டத்தைக் காட்டினான். "இருபத்தொண்ணு" என்று அவனும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். தம்பி மெதுவாக, "எழுபத்திநாலுடா" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கில்லாதது இவனுக்கு எப்படிண்ணா வரும்?" என்று கேட்டான்.

"உங்கிட்டேருந்து வரலடா. மாமாகிட்டேருந்து, அவரு பொண்ணு வழியா வந்துகீது" என்றேன். சமையலறை வாசலில் நின்றிருந்த தம்பி மனைவி உள்ளே போனாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அது போய்விட்டது, அந்த இடத்தில் பழைய பொறாமையே வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கண்ணாவது எனக்கென்று தனியாக இருந்தது. என் வீட்டில் நான் பார்க்கிறமாதிரி உலகத்தைப் பார்க்க யாருமில்லை. அப்படி ஒரு பிள்ளையும் அவனுக்கே பிறந்திருக்கிறான்.

பையன் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். அந்தப் பக்கம் வந்தது. "நாப்பத்தஞ்சு" என்றான். நானும் அதையேதான் சொன்னேன். தம்பி போனை வாங்கினான். சாய்த்துப் பார்த்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டை நுனியால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். ஊசி முனையளவு தூசியைக் கண்டுபிடிக்கிறவன். "இதுல ஒண்ணுமே இல்லியேடா" என்றான். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்று சொன்ன அதே சொல், அதே குரல். அவன் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.

"பெரிப்பா, அப்பாக்குத் தெரியல பாரு" என்று பையன் சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தான். தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் இத்தனை வருடமும் அது என் முகத்தில்தான் இருந்தது.

"எங்கண்ணா கீது? வெரல வெச்சிக் காட்டேன்" என்றான்.

காட்டியிருக்கலாம். கொஞ்ச நேரம் தேடட்டும் என்று விட்டுவிட்டு டீயைக் குடித்தேன்.