தொப்புள் மூடாத பத்துக் குஞ்சுகள்

தம்பி பிறந்த ஒன்பதாம் நாள், அப்பாவின் தங்கையான என் அத்தை ஓசூரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளுக்கு அங்கே கோழிக்குஞ்சு பொரிக்கும் கம்பெனியில் வேலை. தொப்புள் சரியாக மூடாத குஞ்சுகளை யாரும் வாங்க மாட்டார்கள் என்று தனியே ஒதுக்கிவிடுவார்களாம். அதில் பத்தைக் கேட்டு வாங்கி ராயக்கோட்டையில் எங்கள் வீடு வரைக்கும் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது, வாய்க்கு மட்டும் தொண்ணூறு.

தம்பிக்கும் தொப்புளில்தான் கோளாறு. கொடி விழுந்த இடம் ஆறாமல் நீர் கசிந்தது, உடம்பும் சுட்டது. தினமும் ஒரு நர்ஸம்மா வந்து மருந்து வைத்துப் போனார். அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் கதவோரம் நின்று பேசலாம், உள்ளே போகக் கூடாது. நர்ஸம்மாவும் அத்தையும் என் எதிரில் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்குப் புரியக் கூடாத பேச்சுக்கெல்லாம் எங்கள் வீட்டில் கன்னடம்தான். ஆகவே தம்பியைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. பத்துக் குஞ்சுகளையும் நீதான் காப்பாற்ற வேண்டும் என்று அத்தை ஒப்படைத்திருந்ததால், என் கவலையெல்லாம் அவற்றின் மேல்தான்.

ஒரு குஞ்சைப் புரட்டி, வயிற்றடியில் கடுகளவு ஈரப்புண்ணைக் காட்டினாள் அத்தை. பஞ்சில் டிஞ்சர் தொட்டு வைக்க வேண்டும், ஈரம் படக் கூடாது, பல்பின் சூட்டிலேயே இருக்க வேண்டும். எனக்கு அது போதவில்லை. பச்சைப்பிள்ளை என்றால் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போட வேண்டாமா? மறுநாள் அத்தை எங்கள் வீட்டிலிருந்தே பஸ் ஏறி வேலைக்குப் போனதும் பத்தையும் வெந்நீரில் குளிப்பாட்டிக் கூடையில் போட்டு, அடியில் புகை போட்டேன். நாலு தும்மின. மற்ற ஆறும் கண்ணை மூடிக்கொண்டன. பக்தி என்று நினைத்தேன்.

திரும்பி வந்த அத்தை தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக முந்தானையில் துடைத்துப் பல்பின் கீழே விட்டாள். விடிந்தபோது மூன்று எழுந்திருக்கவில்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்று தேம்பித் தேம்பி அழுதேன். கொல்லையில் புதைத்துவிட்டு அத்தை என் முகத்தைத் துடைத்தாள்.

“அதுங்களுக்கு முன்னாடியே வயிறு கெட்டிருந்துச்சு, பாப்பா. ஆனா அம்மா கேட்டா பத்தும் நல்லாருக்குதுன்னே சொல்லு. ஒண்ணு செத்துச்சுன்னுகூட உன் வாயில வரக் கூடாது.”

எனக்கு அடி விழாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று புரிந்துகொண்டு, அத்தை மேல் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது.

பொய் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது என்பது அந்த வாரம்தான் தெரிந்தது. காலையும் மாலையும் அம்மா என்னைக் கதவருகே கூப்பிட்டுக் குஞ்சுகளை விசாரிப்பாள். செத்த மூன்றைப் பற்றியும் தினமும் புதுச்செய்தி வைத்திருந்தேன். ஒன்று பல்பைக் கொத்தப் பார்த்தது, ஒன்று கம்பு நொய்யைத் தனியாகத் தின்று தீர்த்தது, ஒன்றுக்குத் தொப்புள் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. உயிரோடிருந்த ஏழும் இவ்வளவு சாமர்த்தியம் காட்டவில்லை. பொருக்குத் தட்டிய கதையை மட்டும் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். குழம்பில் தவிர வேறெங்கும் கோழியைத் திரும்பிப் பார்க்காதவளுக்கு இதென்ன திடீர்ப் பிரியம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஒரு நாள் நர்ஸம்மா என் எதிரில் தமிழிலேயே பேசினார். புண் காய்ந்துவிட்டதாம், இனி மருந்து வேண்டாமாம். அன்று சாயங்காலமே அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நேராக அட்டைப்பெட்டியிடம் போய்க் குனிந்தாள். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். ஏழோடு விரல் நின்றது.

“பத்தும் இருக்குது,” என்றாள்.

பிறகு தம்பியோடு சேர்த்து என்னையும் இறுக்கிக்கொண்டு அழுதாள். அடிக்கப் போகிறவள் அழ மாட்டாள் என்று எனக்கு உயிர் வந்தது. பிடி தளர்ந்ததும் அத்தையிடம் ஓடினேன்.

“தப்பிச்சோம் அத்தே,” என்று அவள் காதில் சொன்னேன். “அம்மாவுக்கு எண்ணவே தெரியல.”